இடக்காலின் வேலை: விரைவுக் கார்களின் கியர் வரலாறு

சிங்கப்பூரில் கார் ஓட்டப் பயிலச் செல்பவர் முதல் நாளிலேயே ஒரு முடிவைச் செய்தாக வேண்டும். 3 ஆம் வகுப்பு உரிமம் வேண்டுமெனில் கிளட்ச் மிதியுள்ள காரில் பயில வேண்டும். 3ஏ வகுப்பே போதுமெனில் தானியங்கிக் கியர் பூட்டிய காரில் பயின்று முடித்துவிடலாம்; ஆயின் கிளட்ச் உள்ள காரை அவ்வுரிமத்தைக் கொண்டு ஓட்ட இயலாது. மலேசியாவிலும் டி, டிஏ என இதே பிரிவினை உண்டு. மாலை வேளையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு திரும்புவோர்க்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. பத்தடிக்கு ஒரு முறை கிளட்சை மிதித்து மிதித்து ஓய்ந்த இடக்கால், தானியங்கியைக் கண்டால் வாழ்த்தவே செய்யும். ஆனால், வேகத்திற்காகவும் ஓட்டும் இன்பத்திற்காகவும் செய்யப்படும் விரைவுக் கார்களின் உலகில் இஃது அவ்வளவு எளிய கேள்வியாக இருந்ததில்லை. அங்கே கைக்கியருக்கும் தானியங்கிக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அவ்வழக்கில் தீர்ப்பு பல முறை மாறியிருக்கிறது என்பதோடு, எந்தக் காரணத்தால் ஒரு தரப்பு வென்றதோ அதே காரணத்தால் அது பின்னர் தோற்றும் இருக்கிறது.

கியர் ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவதே முறை. நீராவி எஞ்சின் நின்ற நிலையிலேயே முழு விசையுடன் இழுக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு அவ்வாற்றல் இல்லை. அது சுழன்றுகொண்டிருந்தால்தான் உயிரோடிருக்கும். அதிலும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் தன் முழு வலிமையைக் காட்டும். மிகக் குறைந்தால் திணறி அணைந்துவிடும். மிக உயர்ந்தால் உடைந்துபோகும். காரோ நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கும் அதற்கு மேலும் செல்ல வேண்டும். எஞ்சினுடைய குறுகிய எல்லையையும் சாலையின் அகன்ற தேவையையும் பொருத்தி வைப்பதே பற்சக்கரப் பெட்டியின் பணி. சக்கரங்களை மாற்றும் கணத்தில் எஞ்சினின் விசையைச் சற்றே துண்டித்து வைக்க வேண்டும், அதற்குத்தான் கிளட்ச். அந்த ஒரு பொறுப்பு இடக்காலுக்கு வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு நாட்டின் பனார் - லெவசோர் நிறுவனத்தார் 1891 இல் எஞ்சினை முன்னே வைத்து, கிளட்சையும் நகரும் பற்சக்கரங்களையும் நடுவே அமைத்து, பின் சக்கரங்களை இயக்கும் முறையை வகுத்தனர். பின்னர் உலகெங்கும் பரவிய அமைப்பு அதுவே. சுழலும் பற்சக்கரம் ஒன்றை மற்றொன்றின் பற்களுக்குள் தள்ளிப் பொருத்துவதைப் பற்றி எமில் லெவசோர், முரட்டு வேலைதான், ஆயினும் நடக்கிறது என்னும் பொருள்படச் சொன்னதாக ஒரு வழக்குண்டு. அந்த முரட்டு வேலையைக் கொண்டே அவர் 1895 இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் ஏறத்தாழ 1,178 கிலோமீட்டர்ப் பந்தயத்தை 48 மணி 48 நிமிடத்தில் முடித்தார். எல்லார்க்கும் முன்னே வந்தும் முதற்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. நான்கு இருக்கைக் கார்களுக்கே அப்பரிசு என்பது விதி, அவருடையதோ இரண்டு இருக்கை கொண்டது. இரண்டு பகலும் இரண்டு இரவும் பெரும்பாலும் தாமே ஓட்டிய அம்மனிதர் எத்தனை முறை கியர் மாற்றியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கவே கை வலிக்கிறது.

அக்காலத்துக் கியர் மாற்றம் உண்மையில் ஒரு கலையாகவே இருந்தது. உயர் கியரிலிருந்து தாழ் கியருக்கு இறங்க வேண்டுமாயின், ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியர்த்தண்டை நடுநிலைக்கு இழுப்பார், கிளட்சை விடுவார், முடுக்கியைத் தட்டி எஞ்சினின் சுழற்சியைத் தேவையான அளவுக்கு உயர்த்துவார், மீண்டும் கிளட்சை மிதித்துத் தாழ் கியருக்குள் தண்டைச் செலுத்துவார். கணிப்பு பிசகினால் பற்கள் உரசி எழுப்பும் ஓசை தெருவுக்கே கேட்கும். இத்துன்பத்தை நீக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் எர்ல் தாம்சன். இரு சக்கரங்களின் வேகத்தையும் முதலில் கூம்பு வடிவ உராய்வால் சமப்படுத்திவிட்டுப் பின்னர்ப் பற்களைப் பொருத்தும் ஒத்திசைவு அமைப்பை அவர் உருவாக்கினார். 1928 இல் அது காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கியரை மாற்றுவதற்கு இனிக் கலைஞனாக இருக்க வேண்டியதில்லை என்ற நிலை அன்றே பிறந்துவிட்டது. இன்று கைக்கியரின் பெருமை பேசுவோர் பலரும் தாம்சனின் இந்த உதவியோடுதான் அதை இயக்குகின்றனர் என்பதை மறத்தலாகாது.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு சிந்தனை முளைத்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் முதல் கவச வண்டிகளை வடிவமைத்தோருள் ஒருவரான வால்டர் வில்சன், முன்தெரிவுக் கியர்ப்பெட்டி ஒன்றைச் செய்தார். அடுத்து வேண்டிய கியரை ஓட்டுநர் சிறு நெம்புகோலால் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். தக்க கணம் வரும்போது இடக்கால் மிதியை ஒரு முறை அழுத்தினால் போதும். கியர் தானே மாறிக்கொள்ளும். எம்.ஜி. நிறுவனத்தின் கே3 பந்தயக் காரில் இப்பெட்டி இருந்தது. 1933 இல் வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் சாலைகளில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் இத்தாலியின் தாசியோ நுவலாரி அக்காரை ஓட்டி வென்றார். பழைய முறையில் ஊறித் திளைத்த பெருவீரர் அவர். புதிய பெட்டியோடு பழகிக்கொள்ள அவருக்கு நெடுநாள் தேவைப்படவில்லை.

வில்சனின் பெட்டி நெடுங்காலம் நீடிக்கவில்லை; கனம் மிகுதி, விலையும் மிகுதி. ஆயினும் வரலாற்று நோக்கில் அதற்குத் தனியிடம் தர வேண்டும். கியர் மாற்றுவது என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு செயல்கள் கலந்திருக்கின்றன: எப்போது, எந்தக் கியருக்கு என்று முடிவு செய்வது ஒன்று, அம்முடிவைக் கையாலும் காலாலும் நிறைவேற்றுவது மற்றொன்று. முடிவை மனிதனிடம் விட்டு, உழைப்பை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியும் என்பதை வில்சன் காட்டினார். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாமல் நடத்தப்பட்ட விவாதங்களே இத்துறையில் மிகுதி.

முடிவையும் இயந்திரத்திடமே விட்டுவிடும் முயற்சிக்கு வித்திட்டது, வியப்பாக, கப்பல்துறை. நீராவிச் சுழலியின் மிகுவேகத்தைக் கப்பலின் உந்துவிசிறிக்கு ஏற்பக் குறைத்துத் தர ஒரு வழி தேடிய செருமானியப் பொறியாளர் எர்மான் ஃபொட்டிங்கர், திரவத்தின் வழியாக விசையைக் கடத்தும் அமைப்புக்கு 1905 இல் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்குவதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த மூடிய உருளையை வைத்துக்கொண்டால் ஃபொட்டிங்கரின் கருத்து விளங்கிவிடும். வண்டி நிற்கையில் எஞ்சின் அணையாது, எண்ணெய் நழுவிக்கொள்ளும். கிளட்ச் மிதிக்கு வேலையே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்கருத்தைப் பற்சக்கரங்களோடு இணைத்து, 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடுதல் விலை 57 டாலர். அப்பெட்டியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முன்னர்க் கூறிய அதே எர்ல் தாம்சன்தான். கைக்கியரை எளிதாக்கியவரே அதற்குப் போட்டியையும் படைத்தார்.

இனி 1953 க்கு வருவோம். அவ்வாண்டு சனவரியில் நியூயார்க் நகரின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் செவர்லே நிறுவனம் கார்வெட் என்னும் இரண்டு இருக்கை விரைவுக் காரைக் காட்சிக்கு வைத்தது. கண்ணாடி இழையாலான உடல், தாழ்ந்த வடிவம், வெண்ணிற மேனி, சிவப்பு இருக்கைகள். பார்த்தோர் மயங்கினர். உள்ளே நோக்கியோர் திகைத்தனர். 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு உருளை எஞ்சினுக்குப் பின்னே இரண்டே வேகங்கள் கொண்ட பவர்கிளைடு தானியங்கி இருந்தது. கைக்கியர் வேண்டுமென்றாலும் கிடையாது. அவ்வாண்டு 300 கார்வெட்டுகளே செய்யப்பட்டன. அடுத்த ஆண்டு 3,640 செய்தும் பலவற்றுக்கு வாங்குவாரில்லை. ஐரோப்பியச் சிறு கார்களில் நான்கு கைக்கியர்களோடு மலைச்சாலைகளில் பறந்து பழகியோர், இஃது அழகிய வண்டி, ஆனால் விரைவுக் கார் அன்று என ஒதுக்கினர். 1955 இல் உற்பத்தி 700 ஆகச் சுருங்கியது.

கார்வெட்டின் வாழ்வு அத்துடன் முடிந்திருக்கும். அதைக் காத்தவை இரண்டு: 1955 இல் வந்த வி8 எஞ்சின், அதே ஆண்டின் பிற்பகுதியில் அதனுடன் சேர்ந்த மூன்று வேகக் கைக்கியர். நியூயார்க் காட்சியில் அக்காரைக் கண்டு அதனாலேயே ஜெனரல் மோட்டார்சில் வந்து சேர்ந்த சோரா ஆர்கஸ் - டன்டொவ் என்னும் பொறியாளர் அதை மேலும் மேலும் பந்தயத்தை நோக்கி இழுத்துச் சென்றார். 1957 இல் நான்கு வேகக் கைக்கியரும் கிடைத்தது. அதன் பின்னரே அமெரிக்காவின் விரைவுக் கார் என்னும் பெயர் கார்வெட்டுக்கு நிலைத்தது.

தானியங்கி அன்று தோற்றதற்கு வெறும் தற்பெருமை காரணமன்று. எண்ணெய் நழுவலில் எஞ்சினின் விசையில் ஒரு பகுதி வெப்பமாக வீணாயிற்று. இரண்டு அல்லது மூன்று கியர்களே இருந்தமையால் எஞ்சின் தன் வலிமைமிக்க எல்லைக்குள் நிற்கவும் இயலவில்லை. இவற்றினும் பெரிய குறை வேறொன்று. தானியங்கிக்குத் தெரிந்தவை இரண்டே: வண்டி இப்போது எவ்வளவு வேகத்தில் செல்கிறது, முடுக்கி எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது. அடுத்து வரும் வளைவை அது காணாது. ஓட்டுநர் வளைவைப் பார்த்து, அதற்கு முன்பே தாழ் கியருக்கு இறங்கி, வளைவின் நடுவில் எஞ்சின் தயாராக இருக்குமாறு செய்துகொள்வார். பழைய தானியங்கியோ வளைவின் நடுவில்தான் விழித்துக்கொண்டு கியரை மாற்றும். பின் சக்கரங்களுக்கு அந்நேரத்தில் வரும் அதிர்ச்சி காரையே சுழற்றிவிடவும் கூடும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ் கியரைத் தாமே இட்டுக்கொள்வோர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

இருந்தும் பந்தயக் களத்திலேயே சிலர் எதிர்வழியில் சிந்தித்தனர். டெக்சாஸ் மாநிலத்தின் ஜிம் ஹால், தம் சப்பரல் கார்களில் ஃபொட்டிங்கர் வழிவந்த திரவ மாற்றியைப் பூட்டி, கிளட்ச் மிதியை நீக்கிவிட்டார். கியரை மட்டும் ஓட்டுநர் கையால் மாற்றினார். 1965 இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை ஹாலும் ஹேப் ஷார்ப்பும் அத்தகைய காரில் வென்றனர். 1966 இல் வந்த 2இ காரில் ஹால் செய்த காரியம் இவ்வரலாற்றிலேயே சுவையானது. வேலையிழந்த இடக்காலுக்கு அவர் புதிய வேலை கொடுத்தார். காரின் பின்புறம் உயரத் தூக்கி நிறுத்திய இறக்கை ஒன்று காற்றழுத்தத்தால் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். நேர்ச்சாலையில் அவ்வழுத்தம் தேவையில்லை, தடையே மிஞ்சும். அங்கே இடக்கால் ஒரு மிதியை அழுத்தும், இறக்கை படுத்துக்கொள்ளும். வளைவு வந்ததும் காலை எடுத்தால் இறக்கை நிமிரும். அடுத்து வந்த 2எஃப் கார் 1967 இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் வென்றது. எனினும் அவ்வாண்டின் பிற பந்தயங்கள் பலவற்றில் ஏழு லிட்டர் எஞ்சினின் விசையைத் தாங்காமல் அதன் கியர்ப்பெட்டியே அதைக் கைவிட்டது. அசையும் இறக்கைகள் சில ஆண்டுகளில் தடை செய்யப்பட்டன.

செருமனியின் போர்ஷே 1967 இல் நடுவழி ஒன்றைக் கண்டது. ஸ்போர்ட்டோமாட்டிக் எனப்பட்ட அமைப்பில் கிளட்ச் மிதி இல்லை. கியர்த்தண்டைக் கை தொட்டதும் மின்தொடர்பு ஒன்று இயங்கிக் கிளட்சைத் தானே விடுவிக்கும். அவ்வாண்டு நூர்பர்க்ரிங் களத்தில் 84 மணி நேரம் நடந்த பந்தயத்தை விக் எல்ஃபோர்டு உள்ளிட்ட மூவர் இவ்வமைப்புள்ள 911 ஆர் காரில் வென்று காட்டினர். வெற்றி கிடைத்தும் வாங்குவோர் மனம் இளகவில்லை. 1980 இல் அது மறைந்தது. 1976 இல் ஃபெராரியே அமெரிக்கத் தானியங்கி பூட்டிய 400 என்னும் காரை விற்றது. அது விரைவைவிட வசதியை நாடியோர்க்கான கார்.

உண்மையான திருப்பம் 1989 மார்ச் 26 அன்று பிரேசிலில் நிகழ்ந்தது. ஜான் பார்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 காரில் கியர்த்தண்டே இல்லை. திசைதிருப்பியின் பின்னே இரண்டு சிறு துடுப்புகள் இருந்தன. ஒன்றைச் சுண்டினால் கியர் ஏறும், மற்றதைச் சுண்டினால் இறங்கும். பயிற்சியோட்டங்களில் அடிக்கடி பழுதான அக்கார் பந்தயத்தை முடிக்கும் என ஓட்டுநர் நைஜல் மான்செலே நம்பவில்லை. அது முடித்தது மட்டுமின்றி வெல்லவும் செய்தது. வில்சனின் பழைய கருத்து மின்னணுவியலின் துணையோடு மீண்டு வந்த நாள் அது.

கைக்கியர் உடனே பணிந்துவிடவில்லை. 1991 மார்ச்சில் சாவ் பாவ்லோவின் இன்டர்லாகோஸ் களத்தில் தம் நாட்டு மக்கள் முன்னே ஓடிய அயர்ட்டன் சென்னாவின் மெக்லாரன் கைக்கியர்க் கார். அவரைத் துரத்திய மான்செலின் வில்லியம்சோ துடுப்புக் கியர் கொண்டது. மான்செல் கியர்ப்பெட்டிப் பழுதால் வெளியேறினார். சென்னாவின் பெட்டியும் நலமாக இல்லை. கியர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, இறுதிச் சுற்றுகளை ஆறாம் கியர் ஒன்றிலேயே ஓட்டினார். மெதுவளைவுகளில் எஞ்சின் அணைந்துபோகாமல் காத்து, மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். காரிலிருந்து தாமாக எழவும் இயலாத அளவுக்கு அவர் களைத்திருந்தார். அவ்வாண்டு உலகப் பட்டமும் அவருக்கே. கைக்கியர்க் காரில் ஒருவர் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றது அதுவே கடைசி. செப்பாங் களம் 1999 இல் ஃபார்முலா ஒன்னை வரவேற்றபோதும், 2008 இல் சிங்கப்பூர் தன் இரவுப் பந்தயத்தைத் தொடங்கியபோதும், கியர்த்தண்டைப் பிடித்த கை ஒன்றுகூட அங்கில்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. எப்போது கியர் மாற்றுவது என்பதை இயந்திரமே முடிவு செய்ய இன்றைய ஃபார்முலா ஒன் விதிகள் இடந்தருவதில்லை. உழைப்பை இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். முடிவு ஓட்டுநருடையதாகவே இருக்க வேண்டும்.

சாலைக் கார்களில் தானியங்கியின் வெற்றியை உறுதி செய்தது இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு தண்டிலும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு தண்டிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளட்ச். மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காம் கியர் பூட்டப்பட்டுக் காத்திருக்கும்; ஒரு கிளட்ச் விட, மற்றது பற்ற, விசை அறுபடாமல் மாற்றம் நிகழும். ரஷ்ய மன்னரின் கார்களைப் பேணியவரான பிரெஞ்சுப் பொறியாளர் அடோல்ஃப் கெக்ரெஸ் 1939 இலேயே இதைச் சிந்தித்துவிட்டார். போர் வந்தது, அவரும் 1943 இல் மறைந்தார். 1980களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் இதற்குப் புத்துயிர் தந்தது. முடுக்கியிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பதால் டர்போவின் அழுத்தம் குறையாது என்பதே அதன் நோக்கம். 1986 இல் மொன்சாவில் ஹான்ஸ் ஸ்டக்கும் டெரக் பெல்லும் அத்தகைய காரில் வென்றனர். 2003 இல் வோல்க்ஸ்வேகன் இதை கோல்ஃப் ஆர்32 காரில் பொதுமக்களுக்கு விற்றது. 2008 இல் போர்ஷே 911 க்கும் வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து வழக்கின் அடிப்படையே தலைகீழாயிற்று. அதுவரை கைக்கியரைத் தேர்ந்தோர், அதுதான் வேகமானது என்றனர். அவர்கள் சொன்னது உண்மையும்கூட. இப்போதோ எந்தத் தேர்ந்த ஓட்டுநரின் கையும் இரட்டைக் கிளட்சை வெல்ல முடியாது. ஃபெராரி 2009 இல் கொணர்ந்த 458 காரில் கைக்கியரே இல்லை. லம்போர்கினி 2013 இல் கயார்டோவுடன் அதற்கு விடைகொடுத்தது. அதே ஆண்டு போர்ஷே தன் 911 ஜி.டி.3 காரைத் தானியங்கியாக மட்டுமே வெளியிட்டபோது, நிறுவனத்தின் வாதம் நேரக்கணக்கில் மறுக்க முடியாததாக இருந்தது. வாடிக்கையாளர்கள் அதை மறுக்கவும் இல்லை. வேகம் குறைந்தாலும் எங்களுக்குக் கைக்கியர் வேண்டும் என்றுதான் கேட்டனர். 2016 இல் போர்ஷே கைக்கியர் மட்டுமே கொண்ட 911 ஆர் காரை 991 எண்ணிக்கையில் செய்தது. மறுவிற்பனையில் அதன் விலை விண்ணை முட்டியது. அடுத்த ஆண்டே ஜி.டி.3 க்கும் ஆறு வேகக் கைக்கியர் திரும்பியது. 2019 இல் தானியங்கியாக மட்டும் வந்த டொயோட்டா சுப்ராவும் 2022 இல் அதே வழிக்கு இறங்கி வந்தது. இதை வெறும் பழம்பற்று எனத் தள்ளிவிடுவது சரியன்று. வினாடிகளுக்காக இயந்திரத்தை வாங்கியவர்கள், அவ்வினாடிகளைத் தாமே சம்பாதிக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதே இதன் பொருள்.

மலேசியாவுக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. எடை குறைந்த, ஓட்டுநரின் கைக்கு நேராகப் பதில் சொல்லும் கார்களுக்குப் பேர்பெற்ற இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை 1996 இல் புரோட்டோன் வாங்கியது. அதன் பயனாக 1990களின் இறுதியில் வந்த சாத்ரியா ஜி.டி.ஐ., லோட்டஸ் பொறியாளர்கள் ஓட்டத்தன்மையைச் செம்மைப்படுத்திய 1.8 லிட்டர்க் கார். ஐந்து வேகக் கைக்கியர் கொண்டது. இன்றும் அதைப் பேணி வைத்திருப்போர் இந்நாட்டில் உளர்.

கார்வெட்டோ தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. 2020 ஆம் ஆண்டுக்குரிய எட்டாம் தலைமுறைக் கார்வெட்டில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுப்புறத்துக்கு மாறியது. எட்டு வேக இரட்டைக் கிளட்ச் தானியங்கி மட்டுமே அதற்கு உண்டு. 1953 இல் கைக்கியர் இல்லாமையால் விரைவுக் கார் அன்று எனப் பழிக்கப்பட்ட அதே பெயர், இன்று கைக்கியர் இன்றியே மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்று வினாடிக்குள் எட்டுகிறது.

இதற்கிடையே மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தரும் மின்மோட்டாருக்குப் பல கியர்கள் தேவையில்லை. பெரும்பாலானவற்றில் ஒன்றே உண்டு. லெவசோர் தீர்க்க முயன்ற சிக்கலே அங்கு எழுவதில்லை. ஆயினும் தென்கொரியாவின் ஹியுண்டாய் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஐயோனிக் 5 என் என்னும் மின்காரில் திசைதிருப்பியின் பின்னே இரண்டு துடுப்புகள் உள்ளன. அவற்றைச் சுண்டினால் இல்லாத எட்டுக் கியர்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கார் மாறுவதாகப் பாவனை செய்கிறது. கணினி மோட்டாரின் விசையை ஒரு கணம் தளர்த்திக் குலுக்கிக் காட்டுகிறது. ஒலிபெருக்கி எஞ்சினின் உறுமலை எழுப்புகிறது. வேண்டாதோர் அதை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.